சின்னக் கடையில் தொடங்கிய கச்சேரி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கடிதங்களும் அதே பக்கம் இழுத்துவிட்டன. அதனால் சமையல், சினிமாக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. இது முழுக்க இசைப் பக்கம்.

கேள்வி: அண்ணன், நான் அறுகம்பையில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். போன சீசனில் அமெரிக்காவிலிருந்து வந்த, அறுபது வயது மதிக்கத்தக்க இரண்டு பேர், இரவுச் சாப்பாடு முடிந்ததும் முன் விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு இசைக்குழுவைப் பற்றியே கதைப்பார்கள். ஆரம்ப காலத்தில் அந்தக் குழு ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் வாசிக்குமாம், இவர்கள் பெடியன்மாராக இருக்கும்போது அங்கே போவார்களாம். அன்றைக்கு இந்தப் பாட்டில்தான் தொடங்கினார்கள் என்று ஒருவர், இல்லை அது அடுத்த நாள் என்று மற்றவர். விடிய விடிய இதுதான். ஃபிஷ், நெக்டர்ஸ் என்ற இரண்டு சொல் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. இது என்ன கதை?
— விடுதி ஊழியர், அறுகம்பை

பதில்: தம்பி, அந்த இரண்டு சொல்லே போதும், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

ஃபிஷ் என்பது அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில், பேர்லிங்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பெடியன்மார் 1983இல் ஆரம்பித்த குழு. ட்ரே அனஸ்டாசியோ கிட்டார், ஜோன் ஃபிஷ்மன் ட்ரம்ஸ், மைக் கோர்டன் பேஸ் கிட்டார். ஜெஃப் ஹோல்ட்ஸ்வேர்த் என்று இன்னொரு கிட்டார்காரரும் அப்போது இருந்தார், அவர் 1986இல் விலகிவிட்டார், அதற்கு முந்திய வருசம் பேஜ் மெக்கொனல் கீபோர்டோடு வந்து சேர்ந்திருந்தார். இடையில் சில வருசம் பிரிந்து இருந்தாலும் அந்த நாலு பேரும்தான் இன்றுவரைக்கும். முதல் நிகழ்ச்சி 1983 டிசம்பர் 2ஆம் திகதி, பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டு மண்டபத்தில். மைக் ஸ்டாண்ட் இல்லாமல் ஹொக்கி மட்டையில் மைக்கைக் கட்டி வைத்துப் பாடினார்கள் என்று ரசிகர்கள் இப்போதும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவார்கள்.

நெக்டர்ஸ், அதே ஊரில் நெக்டர் ரோரிஸ் என்பவர் 1975இல் திறந்த கடை. முன்னால் சாப்பாடு, உள்ளே பார், ஒரு மூலையில் சின்ன மேடை. உருளைக்கிழங்கு பொரித்து, மேலே சுடச்சுடக் கிரேவி ஊற்றித் தந்ததுதான் அங்கே பேர்போன சாப்பாடு. அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்க டிக்கெட் கிடையாது. 1984 டிசம்பர் 1ஆம் திகதி ஃபிஷ் அங்கே முதன்முதலாக வாசித்தது. அந்தக் கடைக்காரர் செய்த பெரிய காரியம் என்னவென்றால், பெயர் தெரியாத பெடியன்மாருக்கு ஒரு இரவைக் கொடுத்துச் சரி போய்வா என்று அனுப்பாமல், தொடர்ந்து இரண்டு மூன்று இரவு, ஒவ்வொரு இரவும் இரண்டு மூன்று சுற்று என்று வாசிக்க விட்டார். இப்படி விட்டால் தெரிந்த பாட்டெல்லாம் முதல் நாளே முடிந்துபோகும், அடுத்த நாளும் வந்து அதே மேசைகளில் இருப்பது அதே ஆக்கள்தான், ஆகவே புதுசாக ஏதாவது செய்தே ஆகவேண்டும். பாட்டை நீட்டிப் பார்த்தார்கள், ஒன்றுக்குள் இன்னொன்றை நுழைத்துப் பார்த்தார்கள், பின்னாளில் ட்ரம்ஸ்காரர் முன்னுக்கு வந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை வாயில் வைத்து அதில் சத்தம் எழுப்புகிற அளவுக்குப் போனது. (இன்றைக்கும் செய்கிறார், உண்மை.) பிறகு பெரிய மண்டபங்களுக்குப் போய்ப் பேர் எடுத்தபின், 1992இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு அந்தக் கடைக்காரரின் பெயரையே வைத்து, அட்டையில் ஒரு தோடம்பழத்தில் அவருடைய முகத்தைப் பதித்து, நாங்கள் வாசிக்கப் பழகினது அங்கேதான் என்று நன்றி எழுதினார்கள். 2017இல் நியூயோர்க் மடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவு நிகழ்ச்சி செய்து, 237 பாட்டு வாசித்து, ஒரு பாட்டைக்கூட இரண்டாம் தரம் வாசிக்காமல் விட்டார்களே, அந்தப் பழக்கத்துக்கு விதை இந்தச் சின்னக் கடையில் விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் விறாந்தையில் இருந்த இரண்டு பேரிடம் வருவோம். அவர்கள் ஒரே இரவுக்குச் சாட்சிகள். ஒருவர் மேடைக்குக் கிட்ட நின்றிருப்பார், மற்றவர் பின்னால் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார், அதனால் ஒருவருக்கு நினைவிருப்பது மற்றவருக்கு இல்லை. சண்டை பிடித்துப் பிடித்துத்தான் அந்த இரவை இரண்டு பேரும் முழுசாக்கிக்கொள்கிறார்கள். அடுத்த சீசனில் வந்தால் நீங்களும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கள்.

கேள்வி: நான் சங்கீதம் படிக்கிற மாணவி. யூடியூப்பில் ஃபிஷ் கேட்டுப் பார்த்தேன், ஒரு பாட்டு 20 நிமிடத்துக்கு மேலே போகிறது, பாதியில் பாட்டே காணாமல் போய்விடுகிறது. முடிக்கத் தெரியாமல் இழுக்கிறார்களா, இதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?
— மாணவி, மட்டக்களப்பு

பதில்: ஒழுங்கு இருக்கிறது தங்கச்சி, கடுமையான ஒழுங்கு. பாட்டின் சொல் முடிந்ததும் பேஸும் ட்ரம்ஸும் ஒரே இடத்தில் நின்று சுற்ற ஆரம்பிக்கும், கிட்டார் ஒரு சின்னத் துண்டை எடுத்துப் போடும், கீபோர்ட் அதைக் கேட்டுப் பதில் சொல்லும், கொஞ்சநேரத்தில் யார் முன்னுக்கு யார் பின்னுக்கு என்று பிரிக்க ஏலாத நிலை வரும். அந்த நிலைக்குப் போவதற்கு அவர்கள் ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். ஒத்திகை அறையில் ஒருவர் ஒரு சின்னத் தாளத் துண்டை ஆரம்பிப்பார். மற்ற மூவரும் அதோடு மோதாமல், இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே தங்கள் துண்டை வைக்கவேண்டும். மற்ற மூன்று பேர் வாசிப்பதும் தன் காதில் தெளிவாக விழுகிறது என்று நிச்சயமானதும் ஒவ்வொருவரும் 'ஹே' என்று குரல் கொடுப்பார். நாலு 'ஹே'யும் விழுந்தபிறகுதான் அடுத்தவர் மாற்றத்தைக் கொண்டுவரலாம். மணித்தியாலக் கணக்கில் இதைச் செய்தார்கள். அதாவது வாசிக்கிற பயிற்சி என்பதைவிடக் கேட்கிற பயிற்சி.

மேடையில் தங்களுக்குள் சைகைகளும் வைத்திருந்தார்கள், கையால் இல்லை, சுரத்தால். கிட்டாரில் ஒரு குறிப்பிட்ட சின்னத் துண்டு வந்தால் எல்லோரும் ஒரு வேலையைச் செய்யவேண்டும். 1992இல் இதை ரசிகர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், இந்தத் துண்டு கேட்டால் இப்படிச் சத்தம் போடுங்கள், இது கேட்டால் எல்லோரும் பின்னால் திரும்பிப் பாருங்கள் என்று. தெரியாதவன் மண்டபத்தின் நடுவில் முழித்துக்கொண்டு நிற்பான், அடுத்த முறை அவனும் பழகிக்கொண்டு வருவான்.

நீங்கள் படிக்கிற ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் இதே காதைத்தான் கேட்கிறது, அதனால் உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஒரு யோசனை: முழுதையும் கேட்காமல், ஒரு நிகழ்ச்சியில் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டு காணாமல் போகிற இடத்தில் அதை யார் கையில் பிடித்துக்கொண்டு போகிறார் என்று தெரியும்.

கேள்வி: இப்படியான குழுக்களின் நிகழ்ச்சியை ரசிகர்களே கசெட்டில் பதிந்து ஊரெல்லாம் கொடுப்பார்களாம். அது களவு இல்லையா? குழுவுக்கு நட்டம் இல்லையா?
— வாசகர், ஓட்டமாவடி

பதில்: குழுவே சம்மதித்தால் களவு எங்கே வருகிறது? இதை வழமையாக்கியது ஃபிஷ்ஷுக்கு முந்திய தலைமுறை. கிரேட்ஃபுல் டெட் என்ற குழு 1965 மே மாதம் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒரு பீட்சாக் கடையில், வேறொரு பெயரோடு வாசிக்க ஆரம்பித்தது. (பாருங்கள், அதுவும் சாப்பாட்டுக் கடைதான்.) அதன் கிட்டார்காரர் ஜெரி கார்சியா 1995 ஓகஸ்டில் இறக்கும்வரை 30 வருசம், 2300 நிகழ்ச்சிக்கு மேல் செய்தார்கள். ரசிகர்கள் மைக்கை ஒளித்துக்கொண்டு வந்து பதிவு செய்வார்கள், குழுவும் கண்டும் காணாமல் இருந்தது. பிறகு மைக் தடிகள் கூடிப்போய் மற்றவர்களுக்கு மேடை மறைக்கிறது என்று வந்ததும், 1984 ஒக்டோபரில், ஒலி மேசைக்குப் பின்னால் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள். நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், இனி அது அவர்களுடையது என்பதுதான் கார்சியாவின் நிலைப்பாடு.

ஒரே ஒரு கட்டளை: காசுக்கு விற்கக்கூடாது. உன்னிடம் இருப்பதை எனக்குத் தா, என்னிடம் இருப்பதை உனக்குத் தருகிறேன். மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாத புதுஆள் என்றால் வெறும் கசெட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிந்து அனுப்புவார்கள். ஃபிஷ் ரசிகர்களும் இதே வழியில் வந்தார்கள். வானொலியில் ஓடாத, பத்திரிகை எழுதாத ஒரு குழுவின் பேர் வேர்மொண்டுக்கு வெளியே போனது இந்தக் கசெட்டுகளின் காலில்தான். 1989 ஜனவரியில் பொஸ்டனில் பரடைஸ் என்ற இசைக்கூடம் இவர்களைக் கூப்பிட விரும்பவில்லை, குழுவினரே அதை வாடகைக்கு எடுத்தார்கள், பேர்லிங்டனிலிருந்து ரசிகர்கள் திரண்டுபோய் அதை நிரப்பினார்கள். அதற்கு முந்திய கோடையில் கொலராடோவின் டெலுரைட் என்ற மலையூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சனத்துக்கு முன்னால் வாசித்த இரவுகள் பதிவாகி இருந்தபடியால்தான் 2006இல் அவற்றை இசைத்தட்டாக வெளியிட முடிந்தது. நட்டமா லாபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கசெட் அட்டை ஒன்றை நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் 45 நிமிடம், மொத்தம் 90. மேலே திகதி, ஊர், இடம். கீழே பொடி எழுத்தில் பாட்டு வரிசை. ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததுக்குள் போயிருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி. மூலப் பிரதியா, அதிலிருந்து எத்தனையாவது படியா என்றும் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தரம் படி எடுக்கும்போதும் இரைச்சல் கூடும். 45 நிமிடம் முடிந்ததும் கசெட்டைப் பிரட்டிப் போடவேண்டும், அந்த நேரம் பார்த்துப் பாட்டு உச்சத்துக்குப் போயிருக்கும், ஒரு பத்து இருபது விநாடி பதிவில் இல்லை. அங்கேதான், தம்பி, ரசிகனின் நினைவு வேலைக்கு வருகிறது. பிரட்டின இடத்தில் என்ன நடந்தது என்று அன்று அங்கே நின்றவனிடம்தான் கேட்கவேண்டும்.

கேள்வி: ஃபிஷ் குழு ஒரே மேடையில் ஏழரை மணித்தியாலம் வாசித்ததாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நம்பலாம். 1999 டிசம்பர் 31, புளோரிடாவில் பிக் சைப்ரஸ் என்ற இடத்தில், நள்ளிரவை ஒட்டித் தொடங்கி 2000ஆம் ஆண்டின் முதல் சூரியன் எழும்வரை. ஏறத்தாழ 80,000 பேர் நின்று கேட்டார்கள். ஆனால் களுவாஞ்சிகுடியிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா? இரவுச் சாப்பாடு முடிந்து பாயோடு போய்க் களரியைச் சுற்றி இடம்பிடித்து, அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததிலிருந்து விடியற்காலை வாழி பாடும்வரை வடமோடிக் கூத்துப் பார்த்த சனம் நாங்கள். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் இடையில் எழும்பிப் போனதை யாரும் கண்டதில்லை. வரவுத் தாளத்தில் ஆட்டக்காரர் ஒரு மிதி பிசகினால் பாயில் இருக்கிற கிழவர் எழும்பிச் சத்தம் போடுவார். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கிழவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒரு இசைக்குழு வாசிக்கும். லீட் கிட்டார், ஓர்கன், பொங்கோஸ் எல்லாம் ஊர்ப் பெடியன்மார்தான். பெரிய மேடைக்குப் போகுமுன் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஒத்திகை பார்ப்பார்கள், நாங்கள் யன்னலில் தொங்கிக்கொண்டு கேட்போம். இப்போது நண்பர்கள் கூடினால் எந்த வருசம், யார் பாடினது, எந்தப் பாட்டு என்று ஆளுக்கொரு கதை. ஒரு பதிவும் இல்லை. எங்களுடைய ஞாபகத்தை வைத்து என்ன செய்ய முடியும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரையம்பதி

பதில்: நிறையச் செய்யலாம் சேர். இந்தப் பக்கத்தை முழுசாக இதற்கு ஒதுக்கக் காரணமே உங்கள் கடிதம்தான்.

அமெரிக்காவில் ஃபிஷ் குழுவின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் திகதி, இடம், பாட்டு வரிசை என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. அதைக் குழு தயாரிக்கவில்லை. ரசிகர்கள் ஆளுக்கு ஆள் கடிதம் எழுதி, கசெட் கேட்டு, வாதாடி, திருத்தி, சம்பளம் வாங்காமல் செய்தது. பிறகு அதைப் பெரிய புத்தகமாகவும் போட்டு, வந்த காசைப் பிள்ளைகளின் இசைக் கல்விக்குக் கொடுத்தார்கள், மொக்கிங்பேர்ட் அறக்கட்டளை என்று 1996இலிருந்து அதற்கென்றே ஒரு அமைப்பு நடத்துகிறார்கள். ஒரு சம்பளக்காரனும் அதில் இல்லை. நெக்டர்ஸ் காலத்து இரவுகளில் சிலவற்றுக்கு முழு வரிசை கிடைக்கவில்லை, கிடைத்த இரண்டு பாட்டை மட்டும் எழுதி மிச்சத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். வெறுமையாக விடுவதற்கு வெட்கப்படவேண்டாம், கற்பனை பண்ணி நிரப்பாமல் இருந்தால் போதும்.

எங்கள் ஊரில் திகதி கண்டுபிடிப்பது அவர்களைவிட எங்களுக்கு வாய்ப்பு. ஏனென்றால் எங்கள் நிகழ்ச்சிகள் கோயிலைச் சுற்றியே நடந்தன, கோயிலோ சந்திரனைப் பார்த்து நடக்கிறது. 'மாமாங்கத் தீர்த்தத்துக்கு முதல் நாள் இரவு' என்று ஒருவருக்கு நினைவு இருந்தால் அது ஆடி அமாவாசைக்கு முதல் நாள், வருசம் மட்டும் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தில் திகதி கிடைத்துவிடும். கண்ணகி அம்மன் சடங்கு என்றால் வைகாசிப் பூரணையை ஒட்டி வரும், கதவு திறந்த நாளா, கலியாணக்கால் நட்ட நாளா, குளிர்த்தி நாளா என்று கேட்டால் இன்னும் நெருங்கலாம். பூரணை நாள் நாட்டுக்கே விடுமுறை, பழைய அரசாங்கக் கலண்டர் ஒன்று கிடைத்தாலும் உதவும்.

வருசத்துக்கு என்ன செய்வது? 'எந்த வருசம்' என்று யாரிடமும் நேரே கேட்காதீர்கள். கேட்டவுடன் மனுசர் ஒரு வருசத்தைச் சொல்லிவிடுவார்கள், பிறகு அதை விடமாட்டார்கள். சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை மட்டக்களப்பில் மறந்தவர் இல்லை, கோயில் கூரை ஓடா தகரமா, வாசிகசாலைக்கு முன்னால் நின்ற மரம் அப்போது நின்றதா என்று கேட்டால் அது தானாக வரும். பெற்றோல்மக்ஸ் வெளிச்சமா ஜெனரேற்றரா? பாடகர் பெல்பொட்டம் போட்டிருந்தாரா? புதுசாக வந்த எந்தச் சினிமாப் பாட்டைப் பாடினார்கள்? படம் வந்த வருசம் தெரியும், அதற்கு முந்தி அந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியாது, இது ஒரு நல்ல எல்லைக்கல். இன்னொரு பக்கத்து எல்லை உங்களுக்கே தெரியும். 1990க்குப் பிறகு இரவு நிகழ்ச்சி என்பதே எங்கள் பக்கத்தில் அரிதாகிவிட்டது, பொழுதுபட்டால் கதவைப் பூட்டின காலம்.

திருவிழா நோட்டீசுகளைத் தேடுங்கள். கோயில் பெட்டகத்தில், பழைய கணக்குக் கொப்பிக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி இருக்கும். அதில் உபயகாரர் பெயர், இரவு நிகழ்ச்சி, கீழே அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அச்சகம் இன்னும் இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி வைத்திருக்கலாம்.

அப்புறம், நண்பர்களை ஒன்றாக இருத்திக் கேட்காதீர்கள். முதலில் தனித்தனியே, ஒவ்வொருவரும் தன் கையால் எழுதட்டும். அதன்பிறகு கூட்டி இருத்தி வாசித்துப் பாருங்கள். ஒன்றாகக் கேட்டால் குரல் உயர்ந்தவர் சொல்வதே எல்லோருடைய ஞாபகமாகவும் ஆகிவிடும். முரண்பட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

யன்னலில் தொங்கிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எழுதுங்கள். பெரிய மேடையை எல்லோரும் கண்டார்கள். ஒத்திகையில் எந்தப் பாட்டில் தடக்கினார்கள், யார் யாருக்குச் சுருதி சொல்லிக்கொடுத்தார், யாருடைய கிட்டார் யாரிடம் இரவல் வாங்கினது என்பதெல்லாம் யன்னலில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. வாசித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று இல்லை, இருக்கிறவர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வாட்சப்பில் பிடியுங்கள் சேர், இந்த மாதமே.

கேள்வி: ஏன் எப்போதும் ஆண்களின் ஞாபகம் மட்டும்? என் அம்மாவும் அந்தக் கச்சேரிகளுக்கு எல்லாம் போனவதான்.
— வாசகி, கல்லடி

பதில்: மெத்தச் சரி. மணலில் பாய் விரித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு விடியும்வரை கேட்டவர்கள் பெண்கள்தான், எழும்பித் திரிந்தவர்கள் ஆண்கள். அதோடு அம்மாமாருக்குத் திகதி பிசகாது. 'மூத்தவன் மடியில், சின்னவள் வயிற்றில்' என்று சொன்னால் பிறப்புப் பத்திரத்தை எடுத்து வருசத்தைப் பிடித்துவிடலாம். அம்மாவை இருத்தி, கைபேசியில் பதிந்துகொண்டே கேளுங்கள். எந்தப் பாட்டுக்குச் சனம் 'வன்ஸ்மோர்' கேட்டது என்பதில் தொடங்குங்கள், மிச்சம் தன்பாட்டில் வரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய கசெட் ஒரு பெட்டி இருக்கிறது. அப்பா கச்சேரிகளில் பதிந்தது. சிலதில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. போட்டுக் கேட்கலாமா?
— வாசகர், காரைதீவு

பதில்: போடாதீர்கள்! பூஞ்சணம் பிடித்த கசெட்டைப் போட்டால் அதுவும் கெடும், பிளேயரின் தலையும் கெடும், அதில் அடுத்துப் போடுகிற கசெட்டும் கெடும். அதுகளை வேறாக்கி, காய்ந்த இடத்தில் வைத்து, வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நல்லாக இருக்கிற கசெட்டுகளின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும், முதல் வேலையாக அதை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. பிறகு ஒரு தரம் முன்னுக்கு முழுசாகச் சுற்றி, ஒரு தரம் பின்னுக்குச் சுற்றி, அதன்பிறகு ஓடவிடுங்கள். கணினிக்கு மாற்றும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் கைபேசியை வைத்துப் பதியாமல் வயர் போட்டு நேரே எடுங்கள். சுருக்காத கோப்பாக முதலில் சேமித்துவிட்டு எம்பி3 பிறகு செய்யலாம். கைதட்டல், இடையில் அறிவிப்பாளர் பேசுவது, குழந்தை அழுவது எதையும் வெட்டவேண்டாம், யார், எங்கே, எப்போது என்ற தடயம் அதற்குள்தான் இருக்கும். அட்டையில் அப்பா எழுதியிருப்பதைப் படம் எடுங்கள். ஒரு பிரதியை ஊருக்கு வெளியே இன்னொரு வீட்டில் வையுங்கள், 2004 டிசம்பர் 26 கடலோரத்து வீடுகளில் எத்தனை பெட்டியைக் கொண்டுபோனது என்று காரைதீவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது, அவர்களோடும் கதைத்துப் பாருங்கள்.

யாழ் நூல் எழுதின விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர்க்காரர் நீங்கள். வாவியில் கேட்கிற மீனின் ஒலியையே இசையாய்க் கேட்டு ஆராய்ந்து எழுதி வைத்த மனுசர் அவர். அப்பாவின் பெட்டியை அந்த ஊரில் பழுதாக விடக்கூடாது.

கேள்வி: அந்தக் காலக் கச்சேரிகள் உண்மையிலேயே அவ்வளவு நல்லதா, வயது போனதால் அப்படித் தெரிகிறதா?
— வாசகர், கல்முனை

பதில்: நெக்டர்ஸ் காலப் பதிவுகளைக் கேட்டால் சுருதி விலகும், குரல் உடையும், நடுவில் யாரோ கிளாசை விழுத்துவார்கள். வாசிப்பு என்று பார்த்தால் பிந்திய காலம்தான் மேல், 1990களின் நடுப்பகுதியை விரும்புகிற ரசிகர்கள் ஏராளம். கிரேட்ஃபுல் டெட்டிலும் அப்படித்தான், 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த நிகழ்ச்சிதான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் ஏறியது, பீட்சாக் கடை இரவு அல்ல. ஆனால் சின்னக் கடையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. கண்ணுக்கு முன்னால் ஒரு குழு உருவாகுவதைக் கண்டார்கள், போன கிழமை தடக்கின இடத்தை இந்தக் கிழமை தாண்டினதைக் கண்டார்கள். அது பிறகு எந்தப் பெரிய மண்டபத்திலும் கிடைக்காது. அதனால் அவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் இப்படி நிறுத்தாமல், ஒன்றுக்குள் ஒன்றாக வாசிக்கிற வழக்கம் கூத்தைத் தவிர வேறு எங்கே இருந்தது?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீட்டுக்கு ஒருதரம் போனால் தெரியும். வயலின் ஒரு மெட்டை எடுக்கும், கிட்டாரும் றபானும் சேரும், கஃப்ரிஞ்ஞா ஆட்டம் ஓடும், ஆடுகிறவர்கள் களைக்கும்வரை மெட்டு மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வருகிற வழக்கம், அவர்களுடைய போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. டச்பார் என்ற கடலோர ஊரில் சுனாமி அந்தச் சமூகத்தில் நிறைய உயிரைக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கிறவர்களின் பாட்டையும் யாராவது முறையாகப் பதியவேண்டும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர். கிட்டார், கஹோன் (பெட்டி மாதிரித் தட்டி வாசிக்கிற வாத்தியம்), ஓர்கன். மாதத்துக்கு ஒருதரம் நண்பனின் சாப்பாட்டுக் கடையில் வாசிக்கிறோம். பத்துப் பேர் வந்தால் பெரிய காரியம். தொடர்வதா, பெரிய மேடை கிடைக்கும்வரை காத்திருப்பதா?
— பெடியன்மார், அக்கரைப்பற்று

பதில்: தொடருங்கள், ஆனால் மாதத்துக்கு ஒன்று காணாது. கடைக்கார நண்பரிடம் கேட்டு, கிழமையில் வியாபாரம் குறைந்த ஒரு நாளை எடுத்து, அதே நாளில், அதே நேரத்தில் வாசியுங்கள், சனத்துக்கு நாள் பழகவேண்டும். இரண்டு சுற்று வையுங்கள். போனதரம் வாசித்த பாட்டை இந்தத்தரம் வாசிப்பதில்லை என்று நீங்களே ஒரு கட்டுப்பாடு போடுங்கள், இரண்டு மாதத்தில் உங்கள் கை வேறாக இருக்கும். ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவர் காது கொடுங்கள், மேலே சொன்ன 'ஹே' பயிற்சியை மூன்று பேராகவும் செய்யலாம்.

கைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல், பத்துப் பேர் இருக்கிற மேசைகளில் நடு மேசையில் வைத்து ஒவ்வொரு தடவையும் முழுசாகப் பதியுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது திகதி, கடை, பாட்டு வரிசை. வருகிற பத்துப் பேரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், எந்தப் பாட்டு பிடித்தது என்று அவர்களே எழுதட்டும்.

எந்தக் கடை, அடுத்த நிகழ்ச்சி எந்த நாள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன், நானும் வருகிறேன்.